ஏழு படியும் ஒரு சாஸ்தாவும்

சிவசு என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. காரணம் ஒரு சினிமா. அதுவும் நாற்பது சொச்சம் வருடத்துக்கு முந்தைய சினிமா.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குச் சிவசுவைத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு - என் பள்ளிக்கூடத் தோழன். பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். ரெவின்யூ ஆபீஸில் இருந்து ரிட்டயர்டாகி ஒரு வருடம். சர்வீஸ் முழுக்க ஊராரின் சாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலமானால் "இந்த நாட்டுல சாதி எப்பலே ஒழியும்?" என்று என்னிடம் வந்து வருத்தப்படுகிற நல்ல மனிதன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜங்ஷன் பக்கம் ஒரு தியேட்டரில் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். கீறலை எல்லாம் அழித்து, கலரைக் கூட்டி, சத்தத்தைச் சரிசெய்து... புதுப்பெண் மாதிரி கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். படத்துக்கு இந்த வைத்தியமெல்லாம் செய்ய முடிகிறது. பார்க்கப் போன எங்களுக்குத்தான் முழங்கால் மடங்கவில்லை.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். கதையைச் சொன்னாலே உங்கள் வயதுக்குத் தக்கபடி உங்கள் படம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிடும். டீ எஸ்டேட் முதலாளியின் மகள். அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவளின் மகன். இரண்டு பேருக்கும் பதினேழு வயது. மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

க்ளைமாக்ஸை மட்டும் நான் சொல்லியாக வேண்டும். முதலாளியின் பங்களாவுக்கு ஏழு படி. கீழே மழையில் நனைந்துகொண்டு பையன். மேலே அப்பா. இந்தப் படியில் உன் கால் படக் கூடாது என்கிறார். அவன் கால் படவே இல்லை. மகள்தான் உள்ளிருந்து வந்து, ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். டைரக்டர் அந்த இடத்தில் மியூசிக்கை நிறுத்திவிட்டு வெறும் கொலுசுச் சத்தத்தை வைத்திருந்தார். தியேட்டரே சேர்ந்து எண்ணும். ஒண்ணு... ரெண்டு... ஏழு வந்ததும் விசில் சத்தத்தில் அடுத்த வசனம் யாருக்கும் கேட்காது.

ப்ளஸ் டூ படிக்கையில் நானும் சிவசுவும் அதை ஒன்பது தடவை பார்த்தோம். அதில் ஒரு தடவை, அந்த அப்பா மேல் வந்த ஆத்திரத்தில் சிவசு செருப்பைக் கழற்றித் திரையைப் பார்த்து எறிந்துவிட்டான். போன செருப்பு போனதுதான். ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டை வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்தான். "போட்டும்லே, ஒரு நியாயத்துக்காகத்தான போச்சு" என்றான். எனக்கு அன்றைக்கு அவனை நினைத்து அவ்வளவு பெருமை.

ஆக, பத்தாவது தடவை பார்க்கக் கிளம்பினோம். டிக்கெட் போட்டது சிவசுவின் மகள் மதி. காலேஜில் கணக்கு வாத்தியார். "நானும் வாரேன்ப்பா. எங்க காலேஜ் ஃபிசிக்ஸ் சார் ஒருத்தரும் வாராரு, பழைய படம்னா அவருக்கு உசுரு" என்றாள். நாலு டிக்கெட். ஃபிசிக்ஸ் சாருக்கு சிவசுவின் பக்கத்து சீட்.

சீட் போட்டதும் மதிதான். கணக்கு வாத்தியார் என்று சொன்னேன் அல்லவா?

பையன் பெயர் கார்த்திக். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பற்றி என்ன கண்டுபிடிக்க முடியும்? எந்தத் தெருவிலும் இருப்பான், எந்த வீட்டிலும் இருப்பான். இந்தத் தலைமுறைக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் கூடிப் பேசிச் சதி செய்திருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்கள் எவ்வளவு கஷ்டப்பட வேண்டியிருக்கிறது தெரியுமா?

படம் ஓடியது. கதாநாயகி தேயிலைச் செடிகளுக்கு நடுவே தாவணி பறக்க ஓடினாள். "என்ன பசுமைலே..." என்று சிவசு உருகினான். கார்த்திக் பைய அவன் பக்கம் சாய்ந்தான்.

"அந்தச் செடிக்குள்ள ஓட முடியாது சார். கால் நுழையாது. அப்படியே ஓடுனாலும் அட்டை விடாது."

சிவசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். என் காதில், "பய நல்ல தமாஸ்காரன்லே. டூர் போயிருப்பான் போல" என்றான்.

இண்டர்வெல்லில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது விசாரணை ஆரம்பித்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பாளையங்கோட்டைதான் சார்."

"இங்கன எல்லாரும் பாளையங்கோட்டைதான். பூர்வீகம்?"

"ஸ்ரீவைகுண்டம் பக்கம் சார்."

சிவசுவுக்கும் பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் பக்கம்தான். அவன் முகத்தில் லைட் எரிந்தது. அடுத்து அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா?"

வெளியூர் வாசகர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் குலதெய்வமாக ஒரு சாஸ்தா உண்டு. ஆற்றங்கரையிலோ வயல்காட்டிலோ இருப்பார். மும்பையில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அவர் முன்னால் போய்ப் பொங்கல் வைத்தாக வேண்டும். வீட்டை மாற்றலாம், வேலையை மாற்றலாம், பெயரைக்கூட மாற்றலாம். சாஸ்தாவை மாற்ற முடியாது.

அதனால் படித்தவர்களாகிய நாங்கள் யாரையும் பார்த்து 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்கவே மாட்டோம். சே, அநாகரிகம். எந்தச் சாஸ்தா என்று பக்தியோடு கேட்போம்.

"ஆத்தங்கரைச் சாஸ்தா சார். பெரிய மருத மரம் ஒண்ணு நிக்கும்லா, அது" என்றான் கார்த்திக்.

சிவசுவின் சாஸ்தா.

பாப்கார்னுக்குக் காசு கொடுக்க கார்த்திக் கையை நீட்டியபோது சிவசு அந்தக் கையைப் பிடித்து மடக்கிவிட்டான். இடைவேளைக்குப் பிறகு அவன் தோளில் கை போட்டுக்கொண்டுதான் படம் பார்த்தான். ஏழு படி வந்தது. சிவசு சத்தமாக எண்ணினான். நானும் எண்ணினேன். ஏழாவது படியில் அறுபது தாண்டிய சிவசு விசில் அடிக்கப் பார்த்து, பல் செட் ஞாபகம் வந்து கையைத் தட்டினான். கண்ணில் தண்ணீர். கார்த்திக் கர்சீப்பைக் கொடுத்தான்.

மறுநாள் சாயங்காலமே மதி வீட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சிவசு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நம்ம சாஸ்தா புள்ள. பொறவென்ன?" என்றான். அவன் மனைவி கோமதி பாயசம் வைத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. மூன்றே நாளில் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு விஷயம் தெரியும். சொன்னது சிவசுதான். "லவ் மேரேஜுதான்வே. நமக்கென்ன, புள்ளைக சந்தோசம்தான முக்கியம்" என்று, நடக்கப்போகும் புரட்சிக்கு முன்கூட்டியே பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பையன் வீட்டுக்குப் போனோம். சிவசுவும் நானும்.

ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாவது மாடி. சின்ன வீடு, படு சுத்தம். கார்த்திக்கின் அப்பா மாடசாமி வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். எங்கள் வயதுதான் இருக்கும். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு டீயை நான் குடித்ததில்லை.

"தேயிலை எங்கன வாங்குதீங்க?" என்று கேட்டேன்.

"மலையில இருந்து கொண்டாந்த தூளு சார், கடைசிப் பொட்டலம்" என்றார் மாடசாமி. "நாங்க மாஞ்சோலைல்லா. அங்கனயே பொறந்து வளந்து, ரெண்டு பேரும் கொழுந்து பறிச்சோம். எஸ்டேட்ட மூடுன பொறவு இறங்கி வந்து கொஞ்ச நாளுதான் ஆச்சு. இந்த வெக்கைதான் இன்னும் ஒத்துக்கிட மாட்டேங்கு."

சிவசு டம்ளரைக் கீழே வைத்தான்.

"தம்பி... ஸ்ரீவைகுண்டம் பக்கம்னு சொன்னாரே?"

"அது எங்க தாத்தா ஊரு சார். உங்க தாத்தா வயல்லதான் நடுகையும் அறுப்பும். பொறவு கங்காணி வந்து மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆனா சாஸ்தாவ விட முடியுமா? வருசா வருசம் பஸ் பிடிச்சு இறங்கி வந்துருவோம். நீங்க கோயில் சுவத்துக்கு உள்ள பொங்கல் விடுவீங்க. நாங்க வெளிய, மருத மரத்தடியில."

மாடசாமியே தொடர்ந்தார்.

"உங்கள எனக்கு நல்லாத் தெரியும் சார். சின்ன வயசுல இருந்து பாக்கேன். நீங்க இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தது இல்ல, அதான் உங்களுக்குத் தெரியல."

குத்தலாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வது மாதிரி சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆக, கேள்வியில்தான் தப்பு. எந்தச் சாஸ்தா என்று கேட்டால் மட்டும் போதாது. சுவருக்கு எந்தப் பக்கம் என்றும் கேட்டிருக்க வேண்டும். சாமி ஒன்றுதான். சுவரைத்தான் சிவசுவின் அப்பா கட்டினார். 'உபயம்' என்று அதில் கல்வெட்டே இருக்கிறது.

கிளம்பும்போது சிவசுவின் டம்ளரைப் பார்த்தேன். பாதி டீ அப்படியே இருந்தது. பக்கத்தில் என் டம்ளர். நான் அவ்வளவு புகழ்ந்த டீ... அதிலும் பாதி இருந்தது.

திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து, "ஏலே, தலை சுத்துது. பிரஷரா இருக்குமோ?" என்றான் சிவசு.

படத்தில் வரும் அப்பா பாவம், பழைய காலத்து மனிதர். மகளை ரூமில் பூட்டினார், பையன் மேல் ஆளை ஏவினார். பெட்ரோல் செலவு, அடியாள் செலவு, கெட்ட பெயர். எங்கள் சிவசு படித்தவன். ஒரு கதவைப் பூட்டவில்லை, ஒரு வார்த்தை அதட்டவில்லை. ஹாலில் ஈஸி சேரைப் போட்டுப் படுத்தான். பக்கத்தில் ஸ்டூல். ஸ்டூலில் பிரஷர் பார்க்கிற மெஷின். மதி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு பட்டனை அமுக்குவான். மெஷின் 'கொர்ர்' என்று காற்றை அடைக்கும். அவள் நின்று நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் அவனே என்னைக் கூப்பிட்டு அனுப்பினான்.

"நீ மதிகிட்ட பக்குவமாச் சொல்லு. நான் வேண்டாம்னு சொல்லல. இப்ப வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

"எப்ப வேணும்?"

"நான் இருக்க வரைக்கும் பொறுக்கச் சொல்லு."

"படம் பாத்து அழுதியேலே?"

"அது படம். ரெண்டரை மணி நேரத்துல லைட்டைப் போட்டுருவான், எந்திரிச்சு வந்துரலாம். இது அப்படியா? உத்திரத்துக்கு எல்லாரும் வருவாங்க. என் தம்பிமாரு, அவனுக சம்பந்தக்காரங்க... எங்கன கொண்டு உக்கார வைப்பேன் அந்த மனுசனை? சுவத்துக்கு உள்ளயா, வெளியவா?"

நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. கிண்டலை நிறுத்திவிட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும் - அன்றைக்கு அவன் நிஜமாகவே பயந்துபோயிருந்தான். இத்தனை வருடப் பழக்கத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்குவமான செய்தியை மதியிடம் கொண்டுபோனதும் நான்தான். படத்தில் இந்த வேலையைச் செய்கிற ஒரு கூட்டாளி வருவான். அவனையும் நாங்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவோம். மதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி மாமா. நீங்க என்ன நினைக்கீங்க?" என்றாள். நான் வெயில் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குனி உத்திரம் வந்தது.

எனக்கு வேறு சாஸ்தா. காலையிலேயே அவரைப் பார்த்துவிட்டு, வருடா வருடம் போகிற மாதிரி சிவசுவின் சாஸ்தாவுக்கும் மதியம் போய்விட்டேன். சுவருக்கு உள்ளே சிவசுவின் ஆட்கள் மொத்தமும் இருந்தார்கள். தம்பிகள், சம்பந்திகள், சென்னையில் இருந்து வந்தவர்கள். கோமதி பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மதி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

நான் முதல்முறையாகச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மருத மரத்தடியில் பத்துப் பதினைந்து குடும்பம். மாடசாமி ஓலையைச் செருகி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஓலை ஈரம் போல, பற்றவே இல்லை. அவர் மனைவி குனிந்து ஊதுகிறார், ஊதுகிறார்...

மதி அதைப் பார்த்தாள். தன் அடுப்பில் இருந்து நன்றாக எரிகிற கொள்ளிக்கட்டை ஒன்றை உருவினாள். கோமதி தடுக்கவில்லை. "பாத்துப் போ, மணல் சுடும்" என்று மட்டும் சொன்னாள்.

மதி நடந்தாள். சித்தப்பாக்களைத் தாண்டி, சம்பந்திகளைத் தாண்டி. எல்லார் பேச்சும் நின்றுபோனது. காலில் கொலுசு. திருவிழா என்பதால் போட்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்பதும் ஒன்றும் பத்து தடவை பழகிய வாய்.

"ஒண்ணு..." என்றேன்.

சிவசு திரும்பிப் பார்த்தான்.

"ரெண்டு... மூணு..."

நிறுத்த முடியவில்லை. ஏழு என்று சொல்லும்போது மதி சுவரைத் தாண்டியிருந்தாள். மாடசாமியின் அடுப்பில் கொள்ளியை வைத்தாள். ஓலை பற்றிக்கொண்டது. அப்படியே அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சிவசு என்னை ஒரு பார்வை பார்த்தான். கோயிலாக இருந்ததால் செருப்பை வெளியே விட்டிருந்தான். நான் பிழைத்தேன்.

அன்றில் இருந்துதான் பேச்சு இல்லை. போன் எடுப்பதில்லை. வாக்கிங் போகிற பாதையை மாற்றிவிட்டான். எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். ஆனால் ஊரில் நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது கொஞ்சம் கெத்தாகவும் இருந்தது. நான் எண்ணினேன் பார்த்தீர்களா என்று.

நேற்று காலையில் போன். மதி.

"மாமா, வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல தேதி வாங்கியாச்சு. மூணு சாட்சி வேணும். ஒண்ணு, எங்க காலேஜ் மேடம். இன்னொண்ணு, அம்மா."

"கோமதியா?"

"ஆமா. அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் வாரா. அப்பா மெஷினை எடுத்து அலமாரிக்குள்ள வச்சுட்டாரு. மூணாவது சாட்சி நீங்க வாரீங்களா?"

வாசகர்களே, இந்த இடத்தில் நான், 'வாரேம்மா' என்று கம்பீரமாகச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இத்தனை பத்தி நையாண்டி செய்த ஆள் ஆயிற்றே.

எண்ணுவதற்கு வாய் போதும். கையெழுத்துக்கு அட்ரஸும் கேட்பார்கள். என் மகனுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்குப் பெண் வீட்டார் விசாரிக்கும்போது, 'அந்தக் கல்யாணத்துல சாட்சி போட்டவருல்லா' என்று எவனாவது சொன்னால்? அப்புறம் சிவசு. இப்போது கோபத்தில் பேசாமல் இருக்கிறான். கையெழுத்துப் போட்டால் சாகும்வரை பேசாமல் போய்விட்டால்?

"வெள்ளிக்கிழமையாம்மா..." என்று இழுத்தேன். "அன்னைக்குப் பாரு, எனக்கு ஒரு பிரஷர் செக்கப்..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வைக்கவில்லை. பிறகு அவள் குரல் வந்தது. கோபம் இல்லை, கிண்டல்கூட இல்லை. கிளாஸில் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரல்.

"ஒண்ணு..."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ரெண்டு... மூணு..."

"நாலு" என்று நானே சொன்னேன். "எத்தனை மணிக்கு வரணும்?"

மீதி மூன்று படி, அவள் அப்பனுக்கு.